‘நாட் பார் பால்’ கம்பெனித் துப்பாக்கி

பாப்பா,

வருகிற வெள்ளிக்கிழமை நீ பெல்லாரிக்கு ரயிலேறுகிறாய். அங்கே பெண்கள் பள்ளிக்கூடத்தில் உனக்கு உத்தியோகம். கல்யாணமாகாத பெண்ணை அவ்வளவு தூரம் தனியாக அனுப்ப எனக்குச் சம்மதமில்லை என்று போன மாதம் சொன்னேன். இன்றைக்கும் சம்மதமில்லை. அதை இங்கே மறுபடி கிளறப் போவதில்லை. கிளறினால் நீ பதில் சொல்வாய். பதில் சரியாகவும் இருக்கும். எனக்குத்தான் சோறு இறங்காது. நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. உனக்குச் சேர வேண்டிய ஒரு பெயரை எட்டு வருஷமாக நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். நீ அதைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன் என்பதும் உனக்குத் தெரியும்.

இதை மடித்து உன் பெட்டியில் வைத்திருக்கலாம். அப்படிச் செய்யாமல் நம் ஊர் வாசகசாலைக்காரர்கள் மாதம் ஒரு தடவை அச்சடிக்கிற தாளில் போடச் சொல்லியிருக்கிறேன். உன்னை நான் மட்டம் தட்டியது நாலு பேர் பார்க்க. உன்னால் வந்த பெருமையை எடுத்து நான் போட்டுக்கொண்டதும் நாலு பேர் பார்க்க. திருப்பிக் கொடுப்பதை மட்டும் யாருக்கும் தெரியாமல் செய்வது நியாயமாகாது. இதில் இருக்கிற பிழைகளை நீ திருத்தக் கூடாது. அச்சுக் கோர்க்கிறவரிடமும் சொல்லிவிட்டேன். நான் யாரிடமும் உட்கார்ந்து படித்தவனில்லை. என் தமிழ் என் தமிழாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

நான் காலை ரயிலைப் பிடித்து மவுண்ட் ரோட்டுத் துப்பாக்கிக் கடைக்குப் போய்வருவதை நீ நினைவு தெரிந்த நாள் முதல் பார்த்திருக்கிறாய். உன் தகப்பனாருக்கு என்ன வேலை என்று பள்ளிக்கூடத்தில் கேட்டபோது ‘துப்பாக்கி மதிப்பிடுகிறவர்’ என்று எழுதிக் கொடுத்தாயாம். உன் அம்மா சொல்லிச் சிரித்தாள். கடைப் பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே இருப்பது ‘துடைக்கிற ஆள்’. இருபத்தாறு வருஷமாக அதுதான். மாற்றச் சொல்லி நான்கு தடவை மனு எழுதினேன். நாலாவது மனுவை மறுநாள் எண்ணெய்ப் புட்டி சுற்றிய காகிதமாகப் பார்த்தேன். இந்தக் குறை என்னோடு கூடத்தான் வரும். அதை ஆற்ற யாரும் பிரயாசைப்பட வேண்டாம்.

ஆனால் ஒன்று. துப்பாக்கி முழுசாகத் தெரிவது துடைக்கிறவனுக்குத்தான். விற்கிறவரும் வாங்குகிறவரும் பார்ப்பது மேல்பக்கத்தை: கட்டையில் செதுக்கிய பூ, வெள்ளித் தகடு, குழல் முதுகில் பொறித்த ஊர்ப் பெயர். நான் குழலைக் கழற்றிக் கவிழ்த்து, பழைய எண்ணெய் அழுக்கைத் துணியால் எடுப்பேன். குழலின் அடியில், கட்டைக்குள் மறைந்து கிடக்கும் தட்டையான பாகம், அந்த அடித்தட்டையில்தான் துப்பாக்கியின் ஜாதகம் இருக்கிறது. சீமையில் ஒவ்வொரு குழலையும் அளவுக்கு மேல் வெடிமருந்து போட்டு வெடித்துப் பார்த்து, தாங்கினால்தான் முத்திரை குத்துவார்களாம். கிரீடமும், அதன் கீழே கத்தரிக்கோல் மாதிரி குறுக்காகப் போட்ட இரண்டு செங்கோலும் இருந்தால் பர்மிங்காம். கிரீடத்தின் கீழே இரண்டு எழுத்து ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தால் லண்டன். முட்டை வடிவத்துக்குள் மூன்று எழுத்தும், தலையில் ஒரு நட்சத்திரமும் இருந்தால் பெல்ஜியம். இவற்றையெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை. வந்துபோன துப்பாக்கிகளைப் பார்த்துப் பார்த்து ஒரு நோட்டில் வரைந்துகொண்டேன். இங்கிலீஷ் எழுத்துகளைச் சரக்குப் பெட்டிகளின் மேலிருந்தும் ரயில் நிலையப் பலகைகளிலிருந்தும் படித்தேன். எழுத்துக்கூட்டி உச்சரிக்க வந்தது. அர்த்தம்தான் வரவில்லை. அது எனக்குத் தேவைப்படும் என்றும் அப்போது தோன்றவில்லை.

ஒரு தடவை ஒரு ஜமீன் ஏஜெண்டு ரெட்டைக் குழல் துப்பாக்கி ஒன்றைக் கொண்டுவந்தார். குழல் முதுகில் லண்டன் என்று தங்க எழுத்து. கடை முதலாளியான வெள்ளைக்காரத் துரை அதைக் கையில் எடுத்துப் பார்த்து உயர்ந்த விலை சொல்ல வாயைத் திறந்துவிட்டார். துடைப்பதற்காகக் கழற்றிய நான் அடித்தட்டையைப் பார்த்தேன்: முட்டை, நட்சத்திரம். பெல்ஜியத்தில் மலிவாகச் செய்து லண்டன் பெயரைப் போட்ட சரக்கு. குழலில் ஓர் எண், கட்டையில் வேறோர் எண். இரண்டு துப்பாக்கியின் உறுப்புகளை ஒன்றாக்கியிருக்கிறார்கள். நான் விரலால் காட்டினேன். “உன் வேலையைப் பார்” என்று என்னை உள்ளே அனுப்பினார் துரை. பிறகு கதவு வழியாகக் கேட்டேன். நான் காட்டிய அதே இரண்டையும் தாமே கண்டுபிடித்தது போல அவர் ஏஜெண்டுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அன்று இரவு வீட்டுக்கு வந்து நான் சாப்பிடவில்லை. நீ நாலு வயசுக் குழந்தை. உனக்கு ஞாபகம் இருக்காது. இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்பது பின்னால் புரியும்.

கடையில் மதிப்பில்லாவிட்டாலும் வெளியே எனக்குப் பெயர் வந்தது. பாகப்பிரிவினை என்றால், லைசென்ஸ் வைத்திருந்த பெரியவர் இறந்துபோனார் என்றால், ஊர் திரும்புகிற துரை சாமான்களை ஏலம் விட்டார் என்றால், ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை என்னைத்தான் கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு சைக்கிளில் போவேன். நான் சொன்ன மதிப்பை யாரும் மாற்றிக் கேட்டதில்லை. கேட்டால் எழுந்து வந்துவிடுவேன்.

அந்த நோட்டில் ஒரு பக்கம் ‘நாட் பார் பால்’ கம்பெனிக்கு. சில நல்ல துப்பாக்கிகளின் குழலடியில் மூன்று சொல் பொறித்திருக்கும். கூட்டிப் படித்தால் நாட், பார், பால். மவுண்ட் ரோட்டில் பலகைகளைப் பார்த்துப் பழகியவன் நான். இரண்டு மூன்று வெள்ளைக்காரர் பெயர்களைச் சேர்த்துப் போட்டால் அது ஒரு கம்பெனி. நாட் துரை, பார் துரை, பால் துரை என்று மூன்று பேர் கூட்டாகச் செய்த துப்பாக்கி இது என்று நானே முடிவு கட்டினேன். அப்படி முடிவு கட்டியதற்கு ஆதாரமும் இருந்தது. இந்தப் பெயர் உள்ள துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: பொடிப்பொடியான ஈய ரவை சிதறாமல் கூட்டமாகத் தூரம் போகிறது, கொரட்டூர் ஏரியில் நடுத் தண்ணீரில் இருக்கிற வாத்தும் விழுகிறது. எனவே அந்தக் கம்பெனிச் சரக்குக்குக் கால் பங்கு கூடுதல் மதிப்புச் சொன்னேன். உன் அம்மா கேலி செய்வாள், “பால் கம்பெனி துப்பாக்கின்னா காலையில ஒரு ஆழாக்கு கறக்குமா?” என்று. நான் சிரித்ததில்லை.

உன் தாய்மாமன் முருகேசனுக்கு அப்படி ஒன்றை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். திருவள்ளூருக்கு அப்பால் மலையோரத்தில் அவன் வேர்க்கடலை போட்டிருந்தான். காட்டுப் பன்றி வந்து கொல்லையையே புரட்டிப்போட்டுவிட்டதாக மனு எழுதி லைசென்ஸ் வாங்கினான். ஆடி மாதம் நம் வீட்டில் கூழ் ஊற்றிய ஞாயிற்றுக்கிழமை அதை வாங்கிக்கொண்டு போக வந்தான். நீ பூந்தமல்லிப் பள்ளிக்கூடத்து விடுதியிலிருந்து லீவுக்கு வந்திருந்தாய். உனக்குப் பதினைந்து வயசு. சொந்தக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் முற்றத்தில். நான் வேப்ப மரத்தடியில் துணியை விரித்துத் துப்பாக்கியைக் கழற்றிப் போட்டு ஒவ்வொரு முத்திரையாக விளக்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் குழலைக் கவிழ்த்து, “இது யார் செஞ்சது தெரியுமா? நாட் பார் பால் கம்பெனி” என்றேன். கூழ்ச் செம்போடு வந்த நீ குனிந்து பார்த்தாய்.

“நைனா, இது கம்பெனி பேரு இல்ல.”

“பின்ன உன் பேரா?”

எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. “நாட்னா ‘கூடாது’. பால்னா குண்டு. குண்டுக்கு ஆகாதுன்னு எழுதிகீது நைனா” என்றாய்.

முருகேசன் தோளில் மாட்டியிருந்த பையைத் தட்டினான். “இன்னா மாமே இது? பன்னிக்கு ரவையா போட முடியும்? ஒத்தைக் குண்டு தோட்டாதான் கொண்டாந்துகீறேன்.”

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பதினெட்டு வருஷம் துப்பாக்கி துடைத்தவன் நான். இரண்டு வருஷம் இங்கிலீஷ் புத்தகம் புரட்டியவள் நீ. “பொம்பளப் பிள்ளைங்களுக்குப் படிப்பு குடுத்தா துப்பாக்கிக்கே அர்த்தம் சொல்லும். போய்க் கூழ ஊத்து” என்றேன். மறுபடி சிரிப்பு. உன் காது சிவந்துபோனதைப் பார்த்தேன். பார்த்தும், “குண்டு தாராளமா போடு முருகேசா, ஒரிஜினல் சீமைக் கம்பெனி” என்று அழுத்திச் சொன்னேன். அதை நான் சொன்ன விதம் இன்னும் என் காதில் இருக்கிறது.

சாயங்காலம் முருகேசன் புறப்பட்டுப் போனான். மறுநாள் பொழுது விடிந்து நான் ரயிலுக்குக் கிளம்புகிற நேரத்தில் முதல் வண்டியில் திரும்பி வந்து நின்றான். கையில் பை, முகத்தில் நெருப்பு.

“மாமே, உம் பொண்ணக் கூப்புடு. ஊட்டுக்குப் போயி பையத் தெறந்தா உள்ள உரிச்ச வெங்காயம் கீது! தோட்டா எங்க? பன்னிய வெங்காயத்தாலயா அடிக்கிறது?”

நீ ஓடி ஒளியவில்லை. கிணற்றடியிலிருந்து ஈரக் கையோடு வந்தாய். “தோட்டா கெணத்துல கீது மாமா” என்றாய்.

“கெணத்துலயா! அட்டத் தோட்டாம்மே அது, ஊறிப் போயிருக்கும்! இன்னா வேல பண்ணிக்கீற நீ?”

“தோட்டா போனா வேற வாங்கிக்கலாம் மாமா. கை போனா எங்க வாங்குறது?”

அவன் பையைக் கீழே வைத்தான். நான் விடவில்லை. என் வார்த்தையை என் வீட்டிலேயே என் மகள் கிணற்றில் போட்டுவிட்டாள் என்பதுதான் எனக்குத் தெரிந்தது. இனிமேல் பூந்தமல்லிக்குப் போக வேண்டாம், பள்ளிக்கூடம் முடிந்தது, அடுப்படியில் அம்மாவோடு இரு என்று அங்கேயே சொன்னேன். உன் புத்தகப் பெட்டியைப் பரண்மேல் ஏற்றினேன். முருகேசனைச் சமாதானப்படுத்திப் புதுத் தோட்டா வாங்கித் தருவதாகச் சொல்லிக் கடைக்குப் போனேன்.

கடையில் தோட்டாவைக் கேட்கும் முன் ஒரு சந்தேகம். உன் சொல்லை நம்பி வந்ததல்ல அது; உன்னை மட்டம் தட்ட ஆதாரம் வேண்டுமென்று வந்தது. அந்த மூன்று சொல்லையும் ஒரு காகிதத்தில் எழுதி, சரக்கு அனுப்புகிற குமாஸ்தாவிடம் நீட்டி, “இந்தக் கம்பெனி இன்னும் நடக்கிறதா சார்?” என்று கேட்டேன். அவர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மேஜையில் தலையை வைத்துச் சிரித்தார். மற்றவர்களும் வந்து சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு, அதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும், பொறுமையாக விளக்கினார். சில துப்பாக்கிகளின் குழலை வாய்ப்பக்கத்தில் கொஞ்சம் ஒடுக்கிச் செய்வார்கள். அதனால்தான் ரவை சிதறாமல் போகிறது. அந்த ஒடுக்கத்தில் ஒற்றைக் குண்டைப் போட்டுச் சுட்டால் குண்டு இறுகும், குழல் வீங்கும், ஒரு நாள் பிளக்கும். ஆகவே குண்டு போடாதே என்று சீமையிலேயே பொறித்து அனுப்பிவிடுகிறார்கள். நான் கூட்டிச் சொன்ன கால் பங்கு மதிப்பு சரி. அதற்கு நான் சொன்ன காரணம் தப்பு. சரியான காரணத்தை அந்தத் துப்பாக்கி தன் வயிற்றிலேயே எழுதிவைத்துக்கொண்டு என் மடியில் கிடந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் நான் செய்ததுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். முருகேசன் நம் வீட்டில் காத்திருந்தான். நான் தோட்டா வாங்காமல் வந்தேன். “முருகேசா, கடையில பெரிய புஸ்தகத்தைப் பொரட்டிப் பார்த்தேன். இந்த மாதிரித் துப்பாக்கிக்குக் குண்டு கூடாது. பெரிய ரவை போட்டு, கிட்டப் போய்ச் சுடு” என்றேன். “இதுக்குத்தான் மாமே உன்னாண்ட வர்றது. வேற எவன் இவ்ளோ பார்த்துச் சொல்லுவான்?” என்று அவன் என் காலைத் தொட்டான். நீ அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாய். கரண்டி ஒரு நொடி நின்றது. என்னைப் பார்த்தாய். பிறகு குழம்பு ஊற்றினாய்.

துரை எனக்குச் செய்ததை நான் உனக்குச் செய்தேன். அதுவும் அச்சு அசலாக அதே மாதிரி. ஒரு வித்தியாசம் உண்டு: நான் அன்று சாப்பிடாமல் படுத்தேன், நீ எனக்கும் சோறு போட்டுவிட்டுத்தான் படுத்தாய்.

அடுத்த வாரம் உன் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி வைத்தேன். “பள்ளிக்கூடச் சம்பளம் கட்டியாச்சு, வீணாகப் போகக் கூடாது” என்று சொன்னேன். அதுகூட என் தோல்வி என்று தெரியாதபடி சொன்னேன். நீ சிரித்துக்கொண்டே பெட்டியைத் தூக்கினாய். நீ அன்று அழுதிருந்தாலோ, என் முகத்துக்கு நேரே ஒரு பேச்சுப் பேசியிருந்தாலோ, நான் பிடிவாதம் பிடித்திருப்பேன். நீ இன்று வாத்தியாரம்மா ஆகியிருக்க மாட்டாய். என் குணத்தை அறிந்து என்னைத் தாண்டிப் போகக் கற்றுக்கொண்டாய். பெற்றவனை அவமானப்படுத்தாமல் அவனைத் தாண்டிப் போவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நான் என் துரையைத் தாண்டவே இல்லை.

அதற்குப் பிறகு என் பெயர் இரண்டு பங்கானது. “குண்டு போடலாமா பார்த்துச் சொல்லுங்க” என்று தூர ஊரிலிருந்தும் வந்தார்கள். நான் குழலைக் கவிழ்ப்பேன், அந்த மூன்று சொல்லைத் தேடுவேன், பெரிய மனிதன் போலத் தலையாட்டுவேன். எங்கே கற்றீர்கள் என்று கேட்டவர்களிடம் அனுபவம் என்றேன். எட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட என் மகள் படித்துச் சொன்னாள் என்று வாயிலிருந்து வரவில்லை. முன்னால் அந்தக் ‘கம்பெனி’ என்று சொல்லி நான் மதிப்புப் போட்ட துப்பாக்கிகள் ஆறு. நோட்டில் குறித்திருந்தேன். ஐந்து பேர் வீட்டுக்கும் ஏதாவது சாக்கு வைத்துப் போய், குண்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பெயருக்கு எதிரே ஒரு கோடு போட்டேன். ஆறாவது பெயருக்குக் கோடு போடவில்லை.

போன புதன்கிழமை நீ பெட்டி கட்டும்போது அந்த நோட்டைக் கண்டுபிடித்தாய். உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்தாய். என் கிரீடப் படங்களைத் தடவிப் பார்த்து, “நல்லா வரைஞ்சிகீற நைனா” என்றாய். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் அந்தப் பக்கத்துக்கு வந்தாய்.

“இந்த மாங்காட்டு மணியக்காரருக்கு மட்டும் ஏன் கோடு இல்ல?”

“அவனுக்குச் சொல்லல.”

“ஏன்?”

ஏன் என்று உனக்குச் சொன்னேன். இங்கேயும் சொல்கிறேன். அந்த மணியக்காரர் வீட்டுக்கு நான் மதிப்புப் போடப் போனபோது துப்பாக்கியை என் கையில் கொடுக்கவில்லை. வாசல் மண்ணில் கொண்டுவந்து வைத்துவிட்டு, இரண்டு அடி தள்ளி நின்று, எடுத்துக்கொள் என்று கையைக் காட்டினார். எங்கள் அப்பா யாருடைய நிலத்தில் ஏர் பிடித்தார் என்பது அவருக்குத் தெரியும். பார்த்து முடித்ததும் அங்கேயே வைக்கச் சொன்னார். அப்புறம் ஒரு சொம்புத் தண்ணீர் தெளித்து எடுத்துக்கொண்டு போனார். நல்ல இரும்புக்கு எண்ணெய் போடுவார்கள், தண்ணீர் தெளிக்கிறவனை அன்றுதான் பார்த்தேன். அவனிடம் போய், ஐயா நான் சொன்னது தப்பு என்று நிற்பதா? மாட்டேன். அவன் குழல் எப்படிப் போனால் எனக்கென்ன என்றேன்.

நீ நோட்டை மூடினாய். “பன்னி சுட அவரா போறாரு நைனா?” என்றாய்.

நான் நோட்டை வாங்கக் கை நீட்டினேன்; நீ தரவில்லை.

“துப்பாக்கி அவருது. தோள்ல வெச்சு சுடறவன் யாரு? கொல்லக் காவக்காரன். அவன் நம்ம ஆளுதானே? வெடிச்சா கிழவரு கை போவாது. உன் கோவம் தப்பான ஆளு மேல வெடிக்கும்.”

எட்டு வருஷமாக நான் நினைத்துப் பார்க்காத ஒன்றை, ஒரு பெட்டி கட்டுகிற நேரத்தில் சொல்லிவிட்டு நீ புடவைகளை மடிக்கப் போய்விட்டாய். ‘போய்ச் சொல்’ என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் போயிருக்க மாட்டேன்.

மறுநாள் கடைக்கு லீவு போட்டேன். எங்கே போனேன் என்று நீயும் அம்மாவும் கேட்டீர்கள், வானகரத்தில் வேலை என்றேன். வானகரம் வழியாகத்தான் போனேன், எனவே பொய்யில்லை. மாங்காட்டில் மணியக்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கிழமாகிவிட்டார். என்னை அடையாளம் தெரிய நேரம் பிடித்தது. நான் வாசலில் நின்றபடியே, உங்கள் துப்பாக்கியை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றேன்.

“எதுக்கு? விக்கப் போறதில்ல.”

“விக்கறதுக்கில்லீங்க. நான் அன்னிக்குச் சொன்னதுல ஒரு தப்பு கீது.”

அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். காவல்காரன் துப்பாக்கியைக் கொண்டுவந்தான். ஏழுமலை என்று பெயர், முப்பது வயசிருக்கும், இடது கண்ணில் ஒரு சிவப்பு. என் கையிலேயே கொடுத்தான். குழலைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தேன். ஒழுங்கான குழலில் வெளிச்சம் வளையம் வளையமாக நேராக ஓடும். இடது குழலில் வாயிலிருந்து நாலு விரல் உள்ளே ஒரு கறுப்பு வளையம் நின்றது. வெளியே கட்டைவிரலை வைத்து ஓட்டினேன். வீக்கம் தட்டுப்பட்டது. ஏழுமலையின் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தேன்.

“குண்டு போட்டுதான் சுடறியா?”

“ஆமா அண்ணாத்தே. பன்னிக்கு வேற இன்னா போடறது? போன தையில ஒரு தபா சுட்டப்ப ஏதோ ஒரு மாதிரி அதிர்ச்சி. காதுல ஙொய்யுனு ரெண்டு நாளு. மருந்து ஜாஸ்தியாயிட்ச்சுன்னு நெனச்சேன்.” விரலை அங்கிருந்து எடுக்காமலே கேட்டான், “இன்னும் எத்தினி தபா தாங்கியிருக்கும்?”

“தெரியாது” என்றேன். உண்மையிலேயே தெரியாது. “இதுல குண்டு ஆகாது, இந்தக் குழல்ல இனிமே சுடாதே” என்றேன்.

மணியக்காரர் எழுந்து வந்தார். “அன்னிக்கு ஒசந்த கம்பெனின்னு சொன்னே. இன்னிக்கு ஆகாதுன்றே. அப்ப பொய்யா சொன்னே?”

“பொய் இல்லீங்க. எழுத்து தெரியும், அர்த்தம் தெரியாது. தெரியாமலே தெரிஞ்ச மாதிரி சொன்னேன்.” அவர்மேல் எனக்கிருந்த கோபம் குறையவில்லை. குறைய வேண்டும் என்று நான் நினைக்கவுமில்லை. ஆனால் ஏழுமலை என் பக்கத்தில் நின்றான். அது போதுமாயிருந்தது.

“இப்ப மட்டும் யார் சொன்னா?” என்றார்.

அனுபவம் என்று நாக்கில் வந்துவிட்டது, பாப்பா. எட்டு வருஷப் பழக்கம். விழுங்கினேன். “என் மகள் படிச்சுச் சொன்னா. எட்டு வருஷத்துக்கு முன்னாடியே சொன்னா. நான்தான் உங்களாண்ட வந்து சொல்லல” என்றேன்.

கிழவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மன்னிப்பும் கேட்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. நான் எதிர்பார்த்துப் போகவுமில்லை. இதைப் படிக்கிறவர்களில் யாரிடமாவது பழைய ரெட்டைக் குழல் இருந்தால், குழலைக் கழற்றி அடியைப் பாருங்கள். எழுத்து இருந்தால் இங்கிலீஷ் தெரிந்த பிள்ளையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். என்னைக் கூப்பிட வேண்டாம். கூப்பிட்டால் வருவேன், ஆனால் பக்கத்தில் அந்தப் பிள்ளையும் இருக்கட்டும்.

பெல்லாரியில் பிள்ளைகளுக்கு நீ சொல்லிக் கொடுக்கும்போது சில தகப்பன்மார்கள் வாசலில் வந்து நின்று, இவ்வளவு போதும் அம்மா, பெட்டைப் பிள்ளைக்கு எதற்கு என்பார்கள். அவர்களிடம் தர்க்கம் பண்ணாதே. என்னிடம் எப்படி நடந்துகொண்டாயோ அப்படியே நடந்துகொள். நேரமாகும். ஆனால் நடக்கும்.

சைக்கிளைத் திருப்பியபோது ஏழுமலை தெருமுனை வரை கூடவே வந்தான். சுடும்போது குழலைத் தாங்குகிற இடது கையை வலது கையால் தடவிக்கொண்டே வந்தான். அது அங்கே இருக்கிறதா என்று பார்ப்பது போல. நான் ஏறி உட்கார்ந்த பிறகு ஹேண்டில்பாரைப் பிடித்து நிறுத்தினான்.

“பொண்ணு பேரு இன்னா அண்ணாத்தே?”

“சரோஜா” என்றேன்.

அவன் அதை ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு, கையை எடுத்து வழி விட்டான்.

அம்பத்தூரிலிருந்து,
உன் நைனா